ஆகவே

நானூத்திப் பன்னிரண்டு பக்கம்.
மொத்தமாகப் போட்டால் ஒன்றரை ரூபாய்,
அரசாங்க வேலை என்று ஒன்றே காலுக்குச் சம்மதித்தேன்.
பியூன் தலைமாட்டிலேயே நின்றான். படிக்கக் கூடாதாம்.
தாளைக் கவிழ்க்கிற நொடிக்குள் படிக்க
பதினாறு வருசமாகப் பழகியவளிடம் சொல்கிறான்.

நத்தமேட்டுவலசு கூட்டுறவுச் சங்கம். நகைக்கடன்.
விசாரிக்கத் தனி அதிகாரியாக
தூத்துக்குடிப் பக்கமிருந்து ஜெபக்கனி என்றொரு அம்மா.
நம்மூர்த் தண்ணி குடிக்காத ஆள்தான் வேண்டுமென்று
மேலே தேடிப் பிடித்தார்களாம்.
அந்தம்மா குடிக்கிற டீக்கு
மாசக் கடைசியில் பில் பாஸ் பண்ணுகிறவர்
பிரசிடெண்ட் சென்னியப்பன்.
பதவியில் இருக்கிறார்.
நாற்காலி முதுகில் துண்டும் இருக்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் அவரைப் பற்றி எழுதுகிறார்கள்,
இந்தப் பக்கம் உரமூட்டைக்கு அவர் கையெழுத்துப் போடுகிறார்.

பேக்கரியில் சாயங்காலம் பூராவும் இதே பேச்சு.
தண்டத் தீர்வை போடுவார்கள், கட்டிவிடுவார்,
கண்வலிக்கிழங்கு விதை இந்த வருசம் நல்ல விலை.
விலை விழுந்தால் ஐகோர்ட்டு இருக்கிறது,
வெள்ளிக்கிழமை தடை வாங்கினால்
திங்கட்கிழமையும் துண்டு அங்கேயே கிடக்கும்.
இல்லீங், செயலாளர் தலையில்தான் விழும்,
குனிந்தே பழகிய தலை அது.
அதற்குள் அந்தம்மாவுக்கே மாறுதல் வந்துவிடும் என்கிறான்
லாரி புக்கிங் மாரப்பன்.
புரோட்டா மாஸ்டர் நூறு ரூபாய் கட்டியிருக்கிறான்:
ராஜினாமா, மறுபடி தேர்தல், மறுபடி மாலை.
ஒருவேளை அவர் செய்யாமலே இருந்திருந்தால்?
அதற்கு யாரும் ஒரு ரூபாய் கட்டவில்லை,
கட்சிக்காரர்கள் உட்பட.

நான் எதற்கும் கட்டவில்லை.

போன தை மாசம் சங்கத்துப் பையன்
பதினோரு ஆதார் அட்டை கொண்டுவந்தான்.
ஆளுக்கு ரெண்டு காப்பி, நாற்பத்தி நாலு ரூபாய்.
ஏழாவது அட்டையில் ராக்கியண்ணன்.
அவருடைய கருமாதிப் பத்திரிகை நூறையும்
இதே மெஷினில்தான் போட்டிருந்தேன்,
இதே படம் வைத்து, சுற்றிக் கறுப்புக் கோடு விட்டு.
மெஷின் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.
ஐம்பது கொடுத்தான்.
அஞ்சு ரூபாயும், சில்லறைக்கு ஒரு மிட்டாயும் கொடுத்தேன்.

என் மூன்றரைப் பவுனும் அங்கேதான்,
சீல் வைத்த பீரோவுக்குள்.
மகளுக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டக் கடைசி நாள்.
சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து
கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்.
பருக்கை ஒட்டியிருந்தது விரலில்.

இருநூத்தி ஆறாம் பக்கத்தில் நான் இருக்கிறேன்.
ஒரே வரி.
சாட்சி பத்தொன்பது, ஜெராக்ஸ் கடை:
நினைவில்லை என்கிறார்.
அதையும் ஒரு காப்பி எடுத்தேன்.
நன்றாகவே விழுந்தது.

நானூத்திப் பத்தில் தாள் சிக்கியது.
மூடியைத் திறந்து, ரோலருக்குள் கைவிட்டு இழுத்தேன்.
கொதிக்கக் கொதிக்க வந்தது, கசங்கி:
“மேற்கண்ட சாட்சியங்களைப் பரிசீலித்ததில், ஆகவே”
அதற்குக் கீழே மை அப்பி ஒரே கறுப்பு.
அசலை மார்போடு அணைத்துக்கொண்டான் பியூன்.
கடைசி மூன்றையும்
கையால் மறைத்து மறைத்து அவனே வைத்து எடுத்தான்.

மறுநாள் பில்லோடு போனேன்.
ஐந்நூத்திப் பதினைந்து.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அவர் நிதானமாகப் படித்தார்.
பேனாவைத் திறந்தார்.

“ஏனம்மிணி,
நானூத்திப் பதிமூணு தாள் ஓடுச்சாமே.
ஒண்ணு கணக்குல காணோம்?”

“அது வீணாப் போச்சுங்க.”

“எங்க கெடக்குது?”

கல்லாப் பெட்டிக்கு அடியில்,
நாலாக மடித்து.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.